காசும் பாடபேதமும்

சேர்த்தல் எளிது, தெரிதல் அரிது. நூல் சேர்ப்பார்க்கும் இவ்வுண்மை பொருந்தும். காசு சேர்ப்பார்க்கும் பொருந்தும். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகத் தமிழ் படிப்பித்துவரும் நான் காசைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பாயிருக்கலாம். பண்டிதனுக்கும் பணத்துக்கும் என்ன உறவு என்று நகைப்பாரும் உளராவர். நகைக்கட்டும். செலவழிக்கும் காசுக்கும் எனக்கும் உறவு குறைவே. படிக்கும் காசுக்கும் எனக்கும் உள்ள உறவோ இளமை தொட்டு வந்தது. அவ்வுறவைப் பற்றி எழுதும்படி என்னைத் தூண்டியவன் என் மாணவன் ஒருவன்.

அவன் நெடுந்தீவைச் சேர்ந்தவன். வேலணையில் உறவினர் வீட்டிலே தங்கி, பகலிற் பாடசாலையிலும் மாலையில் என்னிடம் பால பண்டித வகுப்பிலும் படிப்பவன். சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை, ஊருக்குப் போய்வந்த அவன், வகுப்பு முடிந்த பின்னரும் எழுந்து போகாமல் நின்றான். சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து அவிழ்த்தான். உள்ளே பச்சை பூத்த செப்புக்காசு ஒன்று கிடந்தது.

"ஐயா, இது பிழைக்காசு. 'சேது' எண்டு இருக்க வேண்டிய இடத்திலே 'செது' எண்டு கிடக்குது. பிழைக்காசுக்கு இலட்சக்கணக்கிலே குடுக்கினமாம். கைத்தொலைபேசியிலே பார்த்தனான்" என்றான்.

அவன் கண்களில் இருந்த ஒளி காசின்மேற் கொண்ட ஆசையால் மட்டும் வந்ததன்று என்பது பின்னர்த் தெரிந்தது. அவன் தந்தை கடற்றொழிலாளர். படகின் இயந்திரம் பழுதாகி இரண்டு மாதமாகக் கரையிற் கிடந்தது. வீட்டுக் கிணற்றைத் தூர்வாரியபோது சேற்றோடு வந்தது இக்காசு. வெளியூரிலிருந்து பழம்பொருள் வாங்கவந்த ஒருவர் அதனைப் பார்த்துவிட்டு, அடுத்த கிழமை பணத்தோடு வருவதாகச் சொல்லிப் போயிருந்தார்.

செதுவும் சேதுவும்

காசை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஒருபுறம் நிற்கும் அரசன் உருவம், மறுபுறம் படுத்திருக்கும் நந்தி, அதன்கீழ் இரண்டெழுத்து. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்ட சேது நாணயம் அது. இவ்வகைக் காசுகளை முன்னாளில் ஆராய்ந்தோர் இராமநாதபுரத்துச் சேதுபதிகளுக்கு உரியனவென்று கருதியிருந்தனர். அவை யாழ்ப்பாண மன்னர்க்கு உரியன என்று நிலைநாட்டிய பெருமை நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரைச் சாரும். கொட்டகமத்துத் தமிழ்க் கல்வெட்டும் 'சேது' என்னும் மங்கலச்சொல்லோடேயே தொடங்குவது அக்கொள்கைக்கு அரண் செய்தது. 1924 ஆம் ஆண்டில் வெளிவந்த கொட்றிங்ரன் என்பாரின் இலங்கை நாணய நூலும் இக்காசுகளை யாழ்ப்பாணத்தனவாகவே கொண்டது.

அஃது இருக்க, 'செது' என்னும் எழுத்து எங்ஙனம் வந்தது? பழைய ஏடுகளைக் கையாண்டவர் இதற்கு நொடியில் விடை கூறுவர். எகரக் குறிலுக்கும் ஏகார நெடிலுக்கும் இன்று நாம் வழங்கும் ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பு என்னும் வேறுபாடு பழைய எழுத்திலே இல்லை. குறிலுக்குப் புள்ளியிடல் வேண்டும் என்பது இலக்கண விதி. ஏட்டிலும் கல்லிலும் புள்ளியிடாது எழுதுதலே பெருவழக்கு. இக்கால வடிவவேறுபாடு 18 ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவரால் வந்தது என்பர். ஆரியச் சக்கரவர்த்திகளின் அரசோ 1619 இல் பறங்கியரால் முடிவுற்றது. ஆகவே அந்நாளைய அச்சுத்தச்சன் 'செது' என்று வெட்டியது பிழையன்று; அந்நாளில் அதுவே முறை. அதனைச் 'சேது' என்று படிப்பது படிப்பவன் கடன்.

இவற்றையெல்லாம் மாணவனுக்கு எடுத்துக் கூறினேன். அவன் முகம் வாடியது. சற்று நேரம் காசையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப இது ஒண்டுக்கும் உதவாதோ ஐயா?" என்று கேட்டான்.

எளிய வினா. அன்று என்னால் உடனே விடைகூற முடியவில்லை. ஒரு காசு எப்போது அரியதாகிறது? பிழை எப்போது பெருமை பெறுகிறது? எதனைச் சேர்ப்பது, எதனை விடுவது? இவற்றைத் தெளிவுறச் சொல்லாமல் அவனுக்கு விடை சொல்லுதல் இயலாது என்று தோன்றிற்று. "நாளை வா தம்பி" என்று அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து, என் தந்தையாரின் குறிப்பேட்டை எடுத்துத் தூசு தட்டினேன்.

தகரப்பெட்டியும் குறிப்பேடும்

எம் தீவார் பலரைப் போலவே என் தந்தையாரும் தென்னிலங்கை நகரொன்றிற் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். கடையிற் காசு போடும் மேசை லாச்சியே அவர்க்குப் பல்கலைக்கழகமாயிருந்தது. 'லாச்சி' என்னும் சொல்லே ஒல்லாந்தர் எமக்கு விட்டுச்சென்றது. அவர் விட்டுச்சென்ற சல்லிகளும் எம் மண்ணிற் குறைவின்றிக் கிடக்கின்றன. நாட்கணக்கு முடித்தபின், லாச்சியிலிருந்து ஒன்றிரண்டு காசுகளை வேறாக எடுத்து, அதற்கு ஈடான காசைத் தம் பையிலிருந்து போட்டு, எடுத்ததைத் தகரப்பெட்டியிற் சேர்ப்பது அவர் வழக்கம். குறிப்பேட்டில் நான்கு நிரல்கள்: ஆண்டு, உலோகம், வேறுபாடு, கிடைத்த விதம். சிலவற்றின் அருகே உடுக்குறி இட்டிருப்பார்.

1983 ஆம் ஆண்டு ஆடிக்கலவரத்திற் கடை எரிந்தது. தப்பி வந்த தந்தையாரின் கையில் இருந்தவை இரண்டே: தகரப்பெட்டியும் குறிப்பேடும். 1990 இல் போர் தீவகத்தையும் சூழ்ந்து நாங்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தபோது, பெட்டி கனமாயிருந்தமையால் அதனைக் கிணற்றடியிற் புதைத்துவிட்டுப் போனோம். நான் என் நூல்களை மூட்டையாகக் கட்டியபோது குறிப்பேடு அவற்றினிடையே அகப்பட்டுக்கொண்டது. பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிவந்து தோண்டினோம். கிணறு இருந்தது, பெட்டி இல்லை.

இங்ஙனம், காசு போய்க் காசின் பட்டியல் மட்டும் எஞ்சியது. தமிழ் படித்தவர்க்கு இது புதியதன்று. உரையாசிரியர் வாயிலாகப் பெயர் மட்டும் அறிந்து நூலைக் காணாத துயரம் எமக்குப் பழகியதே. ஆயினும் பெயராவது எஞ்சினால் தேடுவதற்கு ஒரு வழி உண்டு. பெட்டி எஞ்சிக் குறிப்பேடு மறைந்திருந்தால், அதிலுள்ள காசுகளுள் எது ஏன் தெரிந்தெடுக்கப்பட்டது என்பதை யான் அறிந்திருக்கவே மாட்டேன்.

நீல அட்டை

அமெரிக்காவிற் குடியேறிய என் பழைய மாணவர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் ஊருக்கு வந்தபோது எனக்கு ஒரு நீலநிற மடிப்பட்டையைப் பரிசாகத் தந்தார். ஒரு சதக் காசின் அளவில் வரிசை வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையின்கீழும் ஓர் ஆண்டும், அக்காசு அடிக்கப்பட்ட அக்கசாலையைக் குறிக்கும் ஓர் எழுத்தும். சில்லறையிற் கிடைக்கும் காசைத் தேடித் தேடித் துளைகளை நிரப்புவது அந்நாட்டுச் சிறுவர்களின் பொழுதுபோக்காம். அவர் பெரும்பாலான துளைகளை நிரப்பியிருந்தார். முதல் வரிசையில் ஒரு துளை மட்டும் வெறுமையாயிருந்தது.

"இதை நிரப்ப என் ஒரு மாதச் சம்பளம் வேண்டும் ஐயா" என்றார்.

அத்துளைக்குரிய வரலாறு சுவையானது. ஆபிரகாம் லிங்கனின் முகம் பொறித்த ஒரு சதக் காசு 1909 இல் வெளிவந்தது. அதனை வடித்த சிற்பி விக்டர் டேவிட் பிரென்னர் தம் பெயரின் மூன்று முதலெழுத்துக்களைப் பின்புறத்தின் அடியிற் பொறித்திருந்தார். அவ்வெழுத்துக்கள் அளவுக்கு மீறித் துலங்குகின்றன என்று குறை எழுந்தது. சில நாட்களில் அவை நீக்கப்பட்டன. நூலுக்குப் பாயிரம் வேண்டும், பாயிரத்தில் ஆக்கியோன் பெயர் முதலில் வேண்டும் என்று விதிக்கும் மரபில் வந்த எமக்கு இது வியப்பாகவே இருக்கும். 1918 இல் அவ்வெழுத்துக்கள் லிங்கனின் தோளடியில் மிகச் சிறிதாக மீண்டும் இடம்பெற்றன. எழுத்து நீக்கப்படுமுன் சான் பிரான்சிஸ்கோ அக்கசாலையில் அடிக்கப்பட்ட காசுகள் 484,000 மட்டுமே. ஆகவே அவ்வாண்டின் அக்காசு அந்நாட்டுச் சேர்ப்போர்க்கு முதன்மைக் காசாயிற்று.

ஒரு தொடரில் நூறு காசுகள் இருப்பினும், அத்தொடரின் பெறுமதியைத் தாங்குவன நான்கைந்தே. அவற்றையே முதன்மையாண்டுக் காசு என்கிறோம். ஏனையவற்றைக் காலம் தானே கொண்டுவந்து தரும். ஆகவே பொருள் குறைந்தவர், மலிவான காசுகள் பலவற்றை வாங்கிப் பெட்டியை நிரப்புவதை விடுத்து, முதன்மைக் காசு ஒன்றை நல்ல நிலையில் வாங்குதல் நன்று என்பது அனுபவமுடையோர் கூற்று. பத்துப் பதிப்பு மலிவாக வாங்குவதிலும் நல்ல பதிப்பு ஒன்று வாங்குக என்று மாணவர்க்கு நாம் சொல்வதில்லையா?

எண்ணிக்கையும் எச்சமும்

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். எத்தனை காசு அடிக்கப்பட்டது என்பது ஒன்று; எத்தனை எஞ்சியது என்பது வேறொன்று. பலர் முன்னதை மட்டும் பார்த்து ஏமாறுவர்.

1911 ஆம் ஆண்டு இந்திய ரூபாவை எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் மேலாடையில் யானை உருவம் ஒன்று உண்டு. தும்பிக்கை குறுகிப்போனமையால் அது பன்றிபோலத் தோன்றிற்று. மக்களிடையே மனக்குறை எழவே அரசு அக்காசை நிறுத்தி, யானையைத் திருத்தி மறு ஆண்டு வெளியிட்டது. முன்னர் அடித்தவற்றுட் பெரும்பகுதி உருக்கப்பட்டது. அடித்த கணக்கு மட்டும் பார்ப்பவர் இதனை எளிய காசென்றே எண்ணுவர்.

எம் நாட்டிலும் இத்தகையது உண்டு. புத்த ஜயந்தியை முன்னிட்டு 1957 இல் ஐந்து ரூபா வெள்ளி நாணயம் ஒன்று வெளியாயிற்று. அடித்தவை ஐந்து இலட்சம். அவற்றுட் பாதிக்குமேல் திரும்பி வந்து உருக்கப்பட்டன என்று நாணயப் பட்டியல் நூல்கள் கூறும். ஏடு பெருக எழுதப்பட்டும் செல்லுக்கும் நெருப்புக்கும் தப்பியது ஒன்றே என்னும் நிலையை அறிந்த தமிழ் மாணவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

ஆண்டும் சில வேளை மெய் சொல்லாது. 1862 என்று பொறித்த விக்டோரியா ரூபா அவ்வாண்டோடு நின்றுவிடவில்லை. பின்னரும் பல ஆண்டுகள் அதே ஆண்டெண்ணோடு அடிக்கப்பட்டது. சிலவற்றிற் காணும் சிறு புள்ளிகளின் தொகையைக் கொண்டே உண்மை ஆண்டை உய்த்துணர்வர். புள்ளி பெற்ற பெருமையை இங்கும் காண்க.

அச்சுப்பிழையும் அடிப்பிழையும்

இனி, பாடபேதத்துக்கு வருவோம். ஒரு செய்யுளுக்குப் பல ஏடுகளிற் பல பாடம் காணப்படும். அவற்றுட் சில, எழுதுவோன் கைசோர்ந்தமையால் ஓர் ஏட்டில் மட்டும் நேர்ந்த பிழைகள். வேறு சில, தாய் ஏடு ஒன்றில் நேர்ந்து, அதனைப் பார்த்தெழுதிய ஏடுகள் அனைத்திலும் வழிவழி வந்தவை. முன்னதைப் பதிப்பாசிரியர் தள்ளிவிடுவார்; பின்னதை அடிக்குறிப்பிற் காட்டுவார். ஏட்டின் குலமரபை அறிய அதுவே துணை. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களும் உ. வே. சாமிநாதையரவர்களும் கண்ணொளி மங்கும்வரை செய்த பணியில் ஒரு பெரும்பகுதி இதுவே.

காசிலும் இவ்விரண்டும் உண்டு. தகடு விலகி அடிபட்டு ஒருபுறம் சாய்ந்த காசு தனியொரு காசின் பிழை. அதனை அடிப்பிழை எனலாம். அச்சிலேயே நேர்ந்த வேறுபாடு அவ்வச்சினால் அடிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான காசுகளிலும் ஒருபடியாகக் காணும். இதுவே நாணய நூலார் போற்றும் வகைவேறுபாடு.

1955 இல் பிலடெல்பியா அக்கசாலையில் ஒரு சதக் காசுக்கான அச்சைச் செய்கையில், மூலமுத்திரையை இருமுறை அழுத்த வேண்டிய இடத்தில் இரண்டாம் முறை சற்றே திரும்பிவிட்டது. ஆண்டும் எழுத்தும் இரட்டையாயின. குறை கண்டறியப்பட்டபோது அக்காசுகள் ஏனையவற்றோடு கலந்துவிட்டன. பிரித்தெடுத்தல் வீண்வேலை என்று அப்படியே வெளியிட்டனர். இன்று அவை பெருவிலை பெறுகின்றன. 1937 இல் டென்வரிலே, தேய்ந்த அச்சொன்றை மெருகிட்டவர் அளவுக்கு மீறித் தேய்த்தமையால், ஐந்து சதக் காசிலுள்ள காட்டெருமை ஒரு காலை இழந்து முக்காலியாயிற்று. அதுவும் பெருமை பெற்ற வேறுபாடே.

பெருமை பெற்றதைப் போலி தொடரும். 1916 இல் டென்வரில் அடித்த பத்துச் சதக் காசு 264,000 மட்டுமே. ஆகவே பிற அக்கசாலைக் காசிலே டென்வரின் எழுத்தை ஒட்டி விற்போர் தோன்றினர். 1943 இல், போரின் பொருட்டுச் செம்பை மிச்சம் பிடிக்க, அமெரிக்கா ஒரு சதத்தை உருக்கினால் அடித்தது. பழைய செப்புத் தகடுகள் சில தவறி உள்ளே கிடந்தமையால் ஒருசில காசுகள் செம்பில் வந்தன. உருக்குக் காசுக்குச் செம்பு பூசி ஏமாற்றுவோர் பெருகினர். காந்தத்தை அருகே கொண்டுசென்றால் உண்மை வெளிப்படும். உரையிற் புகுத்திய இடைச்செருகலை நடை காட்டிக்கொடுப்பதுபோல, இங்கே காந்தம் காட்டிக்கொடுக்கிறது.

எம் நாட்டுக் காசிலே

அமெரிக்கக் கதையை இவ்வளவு விரித்தமைக்குக் காரணம் உண்டு. அந்நாட்டார் தம் காசுகளை ஆண்டு, அக்கசாலை, அச்சு என வகுத்துச் சிறுவர் கையிலும் கொடுத்துவிட்டனர். எம் சிறுவர் கையில் அத்தகைய அட்டை இல்லை. ஆயின் அட்டைக்குரிய காசுகள் எம்மிடம் உள்ளன. தந்தையாரின் உடுக்குறிகளை அடியொற்றிச் சிலவற்றைக் கூறுகிறேன்.

1870 என்னும் ஆண்டிட்ட செப்புச் சதம் முதலில் வைக்கத்தக்கது. ரூபாவை நூறு கூறாக வகுத்து, அக்கூற்றைச் சதம் என்றனர். சதம் என்றால் நூறு. இங்கே நூற்றிலொன்றுக்கு அப்பெயர் வந்தது. தமிழெழுத்தும் சிங்களவெழுத்தும் அக்காசிலே இடம்பெற்றன. அதிலுள்ள மரத்தைத் தென்னை என்பாரும் தாளிப்பனை என்பாரும் உளர். எம் தீவார் பனையென்றே சாதிப்பர். அவ்வழக்கில் நான் புகவில்லை.

அடுத்து, 1909 இல் வந்த சதுர வடிவான ஐந்து சதம். அதன்பின், 1940 ஆம் ஆண்டிட்ட அரைச்சதம். அதுவே அரைச்சத வரிசையின் கடைக்குட்டி.

போர்க்காலம் தனித்துக் கூறத்தக்கது. அமெரிக்காவிற் செம்பை ஒளித்த அதே போர் இங்கும் உலோகத்தை ஒளித்தது. 1942 இல் சில்லறைக்குத் தட்டுப்பாடு வந்து, சதக்கணக்கிற் காகிதத் தாள்கள் வெளியாயின. ஐந்து சதத் தாளை நடுவே கிழித்தால் ஒருபாதி இரண்டு சதம், மறுபாதி மூன்று சதம். 1943 இல் ஐம்பது சதமும் இருபத்தைந்து சதமும் வெள்ளியை விட்டு நிக்கற்பித்தளைக்கு மாறின. சதுர ஐந்து சதமும் அவ்வுலோகத்துக்கு மாறியது. அதில் 1942, 1943 ஆம் ஆண்டுக் காசுகள் தடித்தவை. 1944, 1945 ஆம் ஆண்டுக் காசுகள் மெல்லியவை. குறிப்பேட்டில் 1943 இன் எதிரே 'தடி' என்றும் 1944 இன் எதிரே 'மெல்' என்றும் எழுதியிருந்தது, சிறுவயதில் எனக்கு விளங்கவில்லை. பிற்காலத்தில் இரண்டையும் தேடிப்பெற்றுப் பொற்கொல்லர் தராசில் இட்டபோதுதான் விளங்கிற்று. நூல் படியாத ஒரு வணிகர், லாச்சியிற் கைவிட்டு விரலாலே கண்ட பாடபேதம் அது.

எலிசபெத் அரசியாரின் முகம் இலங்கை நாணயத்தில் இரண்டு சதத்தில் மட்டுமே உண்டு. அதுவும் 1955, 1957 என்னும் இரண்டு ஆண்டுகளில் மட்டும். விலையாற் சிறியது, வரலாற்றாற் பெரியது. 1963 இல் முடிமன்னர் முகம் நீங்கி, நாட்டின் இலச்சினை வந்தது. 1972 இல் நாடு குடியரசாயிற்று. ஆங்கிலத்திற் 'சிலோன்' என்றிருந்தது 'ஸ்ரீ லங்கா' என்று மாறிற்று. 1963 ஆம் ஆண்டு ரூபாவையும் 1972 ஆம் ஆண்டு ரூபாவையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: தமிழில் மட்டும் அன்றும் 'இலங்கை', பின்னும் 'இலங்கை'. மாறியதைக் காட்டுவதோடு மாறாததையும் காசு காட்டும்.

இக்காலக் காசுகளும் இகழத்தக்கன அல்ல. 2005 முதல் ஐந்து ரூபா உருக்கின்மேற் பித்தளை பூசி அடிக்கப்பட்டது. அதற்கு முந்தியதைக் காந்தம் இழுக்காது, பிந்தியதை இழுக்கும். 2013 ஆம் ஆண்டிட்ட பத்து ரூபாக் காசுகள் இருபத்தைந்து மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்றாக வந்தன. பேருந்து நடத்துநர் தரும் மீதிக்காசிலேயே ஒரு மாணவன் வகைவேறுபாட்டைக் கற்கத் தொடங்கலாம்.

அக்கசாலைக் குறியும் எமக்கு அயலானதன்று. ஒல்லாந்தக் கும்பனியின் சல்லிகள் அந்நாட்டு மாகாணங்களில் அடிக்கப்பட்டு, அவ்வம் மாகாணக் கேடயச் சின்னத்தோடு வந்தன. 18 ஆம் நூற்றாண்டின் கடைக்கூற்றில் இலங்கையிலேயே அடித்த செப்பு ஸ்டைவர்களில் கொழும்பு, காலி, திருகோணமலை, யாழ்ப்பாணம் ஆகியவற்றின் முதலெழுத்துக்கள் உள்ளன.

இக்காசுகள் எம் தீவுகளிற் கிடத்தல் வியப்பன்று. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறைக்கு வரும் பரதேசி வணிகரைக் காத்தலையும், யானை குதிரை ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலிலொரு கூறு அரசுக்கும் எஞ்சியது உடையவனுக்கும் ஆதலையும் கூறும். அவ்வூராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. பலநாட்டுக் கலம் வந்த துறையிற் பலநாட்டுக் காசு சிந்தாதிருக்குமா?

புளியும் சாம்பலும்

இவ்விடத்தில் என் பிழை ஒன்றையும் சொல்லல் வேண்டும். பத்து வயதில், தகரப்பெட்டியிலிருந்த பச்சை பூத்த காசொன்றை அழகாக்க எண்ணி, புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்தேன். விளக்குத் தேய்த்தாற்போற் பளபளத்தது. தந்தையார்க்குக் காட்டி மகிழ்விக்க ஓடினேன். அவர் வாங்கிப் பார்த்தார். அடிக்கவில்லை, ஏசவுமில்லை. "எழுத்தைத் தின்றுபோட்டாயடா" என்று மட்டும் சொன்னார். அதுவும் ஒரு சேதுக்காசே. குறிப்பேட்டில் அதன் எதிரே, வேறொரு நாளிற் கரிக்கோலால் எழுதிய இரண்டு சொற்கள் இன்றும் உள்ளன: 'எழுத்து இல்லை.'

செம்பின்மேற் படிந்த பச்சை அதற்குத் தோல் போன்றது. உரித்தால் எழுத்தும் உரிந்துபோம். அரிய ஆண்டுக் காசாயினும் தேய்த்து மெருகிட்டது விலையில் வீழும்; கற்பார்க்கும் அதனாற் பயன் குறையும். ஏட்டின் அழுக்கைப் போக்க அதனைக் கழுவுவார் எவரும் உண்டோ?

மாணவனுக்கு விடை

மறுநாள் மாலை மாணவன் வந்தான். அவனிடம் மூன்று செய்திகளை மறையாது சொன்னேன்.

முதலாவது, அது பிழைக்காசன்று. சேது நாணயங்களுள் வழக்கமான ஒன்று. இலட்சம் என்பது கனவு. இரண்டாவது, வழக்கமான காசாயினும் பயனற்றதன்று. நெடுந்தீவில், இன்ன கிணற்றில், இன்ன ஆழத்திற் கிடைத்தது என்னும் செய்தியோடு சேர்ந்தால், விலைக்கு வாங்கிய நூறு காசு சொல்லாததை அது சொல்லும். இடந்தெரியாத காசு, முதலேடும் ஈற்றேடும் இழந்த சுவடி போல்வது. மூன்றாவதே சொல்லக் கடினமாயிருந்தது. நிலத்தினின்றும் வெளிப்படும் பழம்பொருளை அரசுக்கு அறிவித்தல் வேண்டும் என்பது 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம். கடையிற் கிடைத்த 1944 ஆம் ஆண்டுச் சதத்தை யாரும் சேர்க்கலாம். கிணற்றிற் கிடைத்த சேதுக்காசை வந்தவர்க்கு விற்றல் முறையன்று.

"அப்பாவிட்டை நீங்களே சொல்லுங்கோ ஐயா" என்றான். அவன் சொன்னது நியாயம். அறம் கூறுவது எளிது. படகு கரையிற் கிடக்கும் வீட்டின் முற்றத்தில் நின்று கூறுவது எளிதன்று.

அடுத்த சனிக்கிழமை குறிகட்டுவானிற் படகேறி நெடுந்தீவுக்குச் சென்றேன். பவளக்கல் மதிலோரம் நின்று அவன் தந்தை நான் சொன்னதைக் கேட்டார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. "வாத்தியார், அந்தாள் எவ்வளவு தாறதெண்டு சொன்னதெண்டு தெரியுமோ?" என்று கேட்டார். தொகையைச் சொன்னார். என் சம்பளத்தைக் காட்டிலும் சிறியதே. ஆனால் அவர்க்கு அது இயந்திரத்தின் விலையிற் பாதி. நான் தலைகுனிந்திருந்தேன். பின்னர் அவர், "பொடியன் இதைப் படிச்சு ஒரு ஆளா வருவானெண்டால் குடுத்துப்போட்டு வாங்கோ" என்றார். யாழ்ப்பாணத்திலே தொல்பொருள் அலுவலகத்தில், கிடைத்த இடமும் விதமும் எழுதி, காசை ஒப்படைத்தோம். இயந்திரத்தை அவர் கடன்பட்டே திருத்தினார். அக்கடன் இன்னும் முற்றாகத் தீரவில்லை. இதனை இனிய முடிவாகக் காட்ட நான் விரும்பவில்லை. சட்டம் சரியே, அதன் சுமையை இம்முறை சுமந்தவர் ஏழை ஒருவர். அதனை நாம் மறத்தல் ஆகாது.

மாணவன் இப்போது பாடசாலைக்கென்று ஒரு பேழை செய்துகொண்டிருக்கிறான். பழைய நாட்காட்டி அட்டையிற் பன்னிரண்டு துளை, ஒவ்வொன்றின்கீழும் ஆண்டு. தந்தையாரின் உடுக்குறிகளிலிருந்து நாங்கள் இருவரும் கூடித் தெரிந்தவை அவை. இதுவரை எட்டு நிரம்பியுள்ளன; தடித்த ஐந்து சதமும் மெல்லிய ஐந்து சதமும் அருகருகே உள்ளன. மேல்வரிசையில் முதற்றுளையை நிரப்பும் எண்ணம் எமக்கு இல்லை. அதன்கீழ் அவன் தன் கையால் எழுதியிருக்கிறான்: 'சேது. நெடுந்தீவுக் கிணறு. அரசிடம் ஒப்படைக்கப்பட்டது.' எழுதும்போது 'சே' என்பதற்கு இரட்டைக்கொம்பு இடுவதா, காசில் உள்ளபடி ஒற்றைக்கொம்பு இடுவதா என்று என்னைக் கேட்டான். அவன் விருப்பத்துக்கு விட்டேன்.

வாசகர்காள்! உங்கள் வீட்டு லாச்சிகளிலும், அம்மம்மாமாரின் கொட்டப்பெட்டிகளிலும் பழங்காசு கிடக்கலாம். விலை என்ன என்று கேட்பதற்கு முன் ஆண்டு என்ன, உலோகம் என்ன, எழுத்து என்ன என்று பாருங்கள். எங்கே, எப்படி வந்தது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். புளியை மட்டும் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.